உண்மையுள்ள ஊழியக்காரரும் இரண்டு கல்லறைத் தோட்டங்களும்

போன மாதம் ஒரு ஐயரின் பணி ஓய்வுப் பாராட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தென் மாவட்டத்தில் ஒரு சேகரம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு ஊரோடு விஷயம் முடிந்துபோகும், மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். பந்தல் போட்டு, சால்வை போர்த்தி, கேடயம் கொடுத்தார்கள். முப்பத்து நான்கு வருட ஊழியம். பேசியவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப மூன்று விஷயம் சொன்னார்கள்: ஐயர் உண்மையாய் ஊழியம் செய்தவர், கைச்சுத்தமானவர், சாதி பார்க்காதவர்.

மூன்றும் நிஜம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் மேல் பாயக் கூடாது. சேகரக் கணக்கில் ஒரு ரூபாய் தொட்டவரில்லை. பிஷப் தேர்தலில் எந்த அணிக்கும் வேன் பிடித்து ஆள் ஏற்றியவரில்லை. இன்றைய நிலைமையில் இதுவே பெரிய காரியம். எங்கள் காலனி வீடுகளில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார். என் அம்மா காய்ச்சலில் கிடந்த ராத்திரி, மழையில், அந்தப் பழைய டி.வி.எஸ். 50-ஐ உருட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் நின்று ஜெபித்தவர். நல்ல மனிதர். நான் அவரைப் பற்றி எழுதுவதே அதனால்தான்.

அந்த நல்ல மனிதர் அந்தச் சேகரத்தில் இருந்த ஆறு வருடமும் செத்தவர்களை இரண்டு இடத்தில் புதைத்தார். கிழக்கே ஒரு கல்லறைத் தோட்டம். காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட், வேப்ப மரம், மார்பிள் சிலுவைகள். மேற்கே ஓடைக் கரையில் இன்னொன்று. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும், ஐப்பசியில் குழி தோண்டினால் தண்ணீர் ஊறும். கோவில் ஒன்று, ஞானஸ்நானத் தொட்டி ஒன்று, இராப்போஜனப் பாத்திரம் ஒன்று. செத்த பிறகு மட்டும் இரண்டு கேட். தப்பு, ஒரு கேட்தான். எங்கள் பக்கத்துக்குக் கேட் கிடையாது.

கூட்டம் முடிந்து அசனம். இலை போட்டுச் சோறும் கறியும். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் ஐயரைப் பார்த்தேன். "ஐயா, ஆறு வருசம் இருந்தீங்களே, அந்தக் கல்லறைத் தோட்டத்தப் பத்தி ஒரு நாளாவது பிரசங்கத்துல பேசியிருக்கலாமே" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி, நான் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. நான் பிரிக்கல. கர்த்தர் அறிய என் மனசுல ஒரு வித்தியாசமும் கிடையாதுப்பா."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

பெரிய பெரிய ஊழியக்காரர்களைப் பற்றி எழுதச் சொல்லி எனக்குக் கடிதம் போடுகிறார்கள். டி.வி.யில் எண்ணெய் விற்கிறவர், கல்லூரி சீட் விற்கிறவர், சபைச் சொத்தைக் குத்தகைக்கு விட்டுத் தின்கிறவர். அவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். திருடனைத் திருடன் என்று சொல்ல என்ன இருக்கிறது? அதற்கு வழக்குகள் இருக்கின்றன, நீதிமன்றங்கள் இருக்கின்றன. என் சண்டை யோக்கியர்களோடு. சுத்தமான கையோடும் உண்மையான மனசோடும் இரண்டு குழிக்கு முன்னால் நின்று ஒரே ஜெபத்தை வாசிக்கிறவர்களோடு. திருடன் பிரசங்கம் பண்ணினால் ஜனங்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். யோக்கியர் ஒருவர் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கண்ணீரோடு நிற்கும்போதுதான் சுவருக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

என் அப்பா உபதேசியார். மூன்று கிராமங்களில் இருபத்தொன்பது வருடம். ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார், இராப்போஜனம் கொடுப்பார், போவார். மிச்ச நாளெல்லாம் அப்பாதான். மணி அடிப்பது, கோவில் பெருக்குவது, ஓய்வுநாள் பள்ளி, சாயங்கால ஜெபம், சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்காருவது, அறுப்பின் பண்டிகைக்கு வீடு வீடாய்ப் போய்ப் பூசணிக்காய் சேர்ப்பது, குழி வெட்ட ஆள் வரவில்லையென்றால் தானே மண்வெட்டி எடுப்பது. ஐயருக்குக் கிடைத்தது சம்பளம். அப்பாவுக்குக் கிடைத்ததற்குப் பெயர் 'படி'. பி.எஃப். கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. ஒரே ஒரு தடவை, என் அக்கா கல்யாணத்துக்கு முன்னால், சேகரக் கமிட்டியில் போய்ப் படியைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டார். கமிட்டியில் ஒரு பெரியவர் வேதாகமத்தை விரித்து கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தாராம். எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யச் சொல்லும் இடம். வாசித்து மூடிவிட்டு, "உபதேசியாரே, ஊழியத்துக்கு வந்தவர் கூலி பேசலாமா?" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவுமில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. ரொம்ப வருடம் கழித்து அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன். நீங்களும் எடுத்து வாசியுங்கள். அந்த வசனம் போதகர்களுக்குச் சொன்னதில்லை. அதற்கு முந்தைய வசனத்தில் யாரைக் கூப்பிட்டுப் பேசுகிறது என்று பாருங்கள்: வேலைக்காரர்களை. மூலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிமை என்றே அர்த்தம். கபடமில்லாத இருதயம் வேண்டும் என்று அங்கே கேட்கப்பட்டது அடிமையிடம். அதோடு நிற்கவில்லை. அதிகாரப் பிரிவு பவுல் போட்டதல்ல, பிற்காலத்தில் யாரோ போட்டது. அதைத் தாண்டி நாலாம் அதிகாரம் முதல் வசனத்துக்கு வந்தால் எஜமான்களைக் கூப்பிட்டு, உங்கள் வேலைக்காரருக்கு நியாயமும் செவ்வையுமானதைக் கொடுங்கள், உங்களுக்கும் மேலே ஒரு எஜமான் இருக்கிறார் என்கிறது. கமிட்டிப் பெரியவர் நாலாம் அதிகாரத்துக்குப் போகவில்லை. எந்தக் கமிட்டியும் போனதாக எனக்குத் தெரியவில்லை.

'ஊழியம்' என்ற சொல்லே எங்களுக்குப் புதிதில்லை. திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் என்ன என்று கன்னியாகுமரிப் பக்கத்துப் பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள். அரசுக்கும் கோவிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. பாதை வெட்டு, சுமை தூக்கு, ஓலை கொண்டு வா. கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும், கேட்டால் அடி. 1815-வாக்கில் கர்னல் மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோவில் சம்பந்தப்பட்ட ஊழியத்திலிருந்தும் விலக்கு கிடைத்தபோது, எங்கள் ஜனங்களுக்கு ஞாயிறு என்பது முதன்முதலாக அடி விழாத ஒரு நாளாக வந்தது. அந்த ஊழியத்திலிருந்து தப்பித்துச் சபைக்குள் வந்தால், உள்ளே அதே சொல்லைப் பரிசுத்தமாக்கி மறுபடியும் கையில் கொடுக்கிறார்கள். கூலி கேட்காதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

இது இன்று நேற்று நடப்பதல்ல. ராஜநாயக்கன் என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் சபைகளில் சீகன்பால்கு பெயரில் பள்ளி இருக்கிறது, சுவார்ட்ஸ் பெயரில் மன்றம் இருக்கிறது. ராஜநாயக்கன் பெயரில் ஒரு குழாயடி கூடக் கிடையாது.

பறையர் சமூகத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை மராத்திய மன்னரின் படையில் வேலை பார்த்தவர். வாசிக்கத் தெரிந்தவர், அந்தக் காலத்தில், அந்தச் சேரியிலிருந்து. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷங்கள் கையில் கிடைத்தன. தானே வாசித்து, தானே யோசித்து, தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தார். 1728-வாக்கில் உபதேசியார் ஆனார். ஐரோப்பியப் பாதிரிகள் தஞ்சை ராஜ்யத்துக்குள் சுலபமாகக் கால் வைக்க முடியாத காலம் அது. உள்ளே ஊர் ஊராய்ப் போய்ச் சபையைக் கட்டியது இந்த மனிதரும் அவரோடு இருந்தவர்களும். சொந்த சபையாரின் பகை, பழைய சபையாரின் பகை, அதிகாரிகளின் பகை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு.

1733-ல் தரங்கம்பாடி மிஷன் முதல் தமிழ்ப் போதகரை அபிஷேகம் செய்தது. ஆரோன், வெள்ளாளர். அவர் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை, உழைத்தவர். அடுத்து இரண்டாவது போதகர் யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயர் வந்தது. யோக்கியதை இல்லையா? இருந்தது. விசுவாசம் இல்லையா? பாதிரிகளே மெச்சினார்கள். என்ன தடை என்றால், ஒரு பறையர் கையிலிருந்து உயர்சாதிச் சபையார் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள், அவரைத் தங்கள் வீட்டுக்குள் விட மாட்டார்கள். 1741-ல் தியோகு அபிஷேகம் பெற்றார். அவரும் வெள்ளாளர். ராஜநாயக்கன் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த முடிவை எடுத்த பாதிரிகள் மோசமானவர்களா? இல்லை. வீட்டையும் நாட்டையும் விட்டுக் கடல் தாண்டி வந்து, இந்த வெயிலில் காய்ச்சலில் செத்தவர்கள். அவர்கள் மனசிலும் கர்த்தர் அறிய ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. சபை உடைந்துவிடக் கூடாது என்ற உண்மையான அக்கறைதான். அந்த உண்மையான அக்கறைக்கு விலை கொடுத்தது யார்? ராஜநாயக்கன். கொடுத்தவரிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?

இதில் அவர்கள் தனியாகவும் இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலியை எடுத்துக்கொள்ளுங்கள். காவி கட்டினார், ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், பார்வை மங்கிக் கடைசியில் மயிலாப்பூரில் செத்தார். அவருடைய தியாகத்தைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அந்தத் தியாகம் என்ன கட்டியது? பூணூலும் குடுமியும் கிறிஸ்தவர்களுக்கு ஆகும் என்று 1623-ல் ரோமாபுரியிலிருந்து அனுமதி வந்தது. அப்புறம் உயர்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் 'பண்டாரச் சாமி' என்று இன்னொரு வகை. ஒரே சபையின் குருக்களுக்குள்ளேயே இரண்டு வரிசை. எங்கள் சேரிக்கு நற்செய்தி வந்ததே பின்வாசல் வழியாகத்தான். நான்கு நூற்றாண்டாக அந்தப் பின்வாசலுக்கு யாரும் ஆணி அடிக்கவில்லை, பெயிண்ட்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நோக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்களே, நோக்கம் யாரிடம் விசாரிக்கப்பட்டது என்று வரலாற்றைப் பார்ப்போம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாகச் சபைக்கு வந்தவர்களை இன்றைக்கும் 'அரிசிக் கிறிஸ்தவர்' என்கிறார்கள். கஞ்சித் தொட்டிக்கு வந்தவன், பள்ளிக்கூடத்துக்கு வந்தவன், ஊழியத்திலிருந்து தப்பிக்க வந்தவன். நல்ல மிஷனரிகளே இதைச் சொல்லிச் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்கிறேன், முதுகில் அடி விழக் கூடாது என்று ஒருவன் ஓடிவருவது அசுத்தமான நோக்கமா? எகிப்திலிருந்து இஸ்ரவேலர் புறப்பட்டது வேதபாடம் படிக்கவா? செங்கல் சூளையிலிருந்து தப்பிக்கத்தானே?

1933-ல் பிக்கெட் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி இந்த வெகுஜன மதமாற்றங்களைப் பற்றி இந்தியாவின் பல பகுதிகளில் விசாரித்துப் புத்தகம் எழுதினார். என்ன நோக்கத்தோடு வந்தீர்கள் என்று ஆயிரக்கணக்கான பேரைக் கேட்டார். அவர் கண்டது, வந்தபோது என்ன நோக்கம் என்பதைவிட வந்தபிறகு என்ன மேய்ப்பு கிடைத்தது என்பதுதான் அவர்கள் வாழ்வை அதிகமாகத் தீர்மானித்தது. அதாவது பந்து மேய்ப்பர் பக்கம் போய்விட்டது. அதனாலோ என்னவோ, அந்தப் புத்தகத்தை நம் பிரசங்கியார்கள் யாரும் தொடுவதில்லை.

அந்தப் பக்கம் யாராவது விசாரித்தார்களா? 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே, முழுசாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு வெளியே போனார்கள். மகா புலவர் வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே, 1829-ல், 'சாதியாசார சம்பாவனை' என்று எழுதித் தங்கள் சாதி வழக்கத்துக்காக வாதாடியவர். அவர் பாட்டுகளை நாம் இன்றும் பாடுகிறோம். நானும் பாடுகிறேன், நல்ல பாட்டுகள்தான். இயேசுவை விட்டாலும் விடுவோம், பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று எழுந்து போனவர்களின் நோக்கம் சுத்தமா என்று யாரும் புத்தகம் போடவில்லை. அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டா? சோற்றுக்கு வந்தவன் அரிசிக் கிறிஸ்தவன் என்றால், சாதிக்காகப் போனவன் பெயர் என்ன?

"எல்லாம் பழைய கதை" என்பீர்கள். சரி. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் நடந்தது பழைய கதையா? தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். தவக் காலம் அது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு நடுவில் எழுப்பிய சுவர் பழைய கதையா? தமிழக ஆயர்கள் 1990-லேயே தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் போட்டார்கள். 2003-ல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களை ரோமில் உட்கார வைத்துச் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று புத்தகமே வெளியிட்டது. காகிதத்துக்குக் குறைவில்லை. 2022-ல் ஒரு தலித் முதன்முதலாகக் கர்தினால் ஆனார், ஆந்திரத்தின் அந்தோணி பூலா. சந்தோஷம். தோமா வந்து எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள், அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு கூத்து இருக்கிறது. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்னும் வெளியே. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. இது அநியாயம், இதற்காக நானும் தெருவில் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ம் தேதியும் சபைகள் கறுப்பு நாள் அனுசரிக்கின்றன. பிஷப்மார் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, "மதம் மாறினாலும் சாதிக் கொடுமை எங்கள் ஜனங்களை விடவில்லை" என்று மைக்கில் பேசுகிறார்கள். டெல்லியில் மனு கொடுக்கும்போது சாதி இருக்கிறது. அதே கொடுமையைச் செய்வது யார் என்று சேகரக் கமிட்டியில் கேட்டால், "சபைக்குள்ள சாதி ஏதுப்பா, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒண்ணு" என்கிறார்கள். ஆகஸ்டில் சாட்சி சொல்கிறவர்கள் நவம்பர் 2-ம் தேதி மெழுகுவர்த்தியோடு இரண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள்.

இதை எழுதினால் உடனே ஒரு பதில் வரும். தோழர்கள் சிலரே சொல்கிறார்கள்: "இந்த நேரத்துல இத எழுதலாமா? சபை மேல கல்லெறியக் காத்துக்கிட்டிருக்காங்க. எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஆயிடாதா?" இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெபக்கூட்டத்தில் புகுந்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடி வாங்குகிறது பெரும்பாலும் ஓலைக் கொட்டகையில் ஜெபம் நடத்தும் எங்கள் பையன்கள்தான், கதீட்ரலில் இருப்பவர்கள் அல்ல. அவர்களுக்காக நிற்பேன், நின்றுமிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் ஒருத்தனைப் பட்டினி போட்டுவிட்டு, வெளியே சொன்னால் எதிராளி சிரிப்பான் என்று வாயைப் பொத்துவது எந்த ஊர் நியாயம்? எதிராளிக்கு எடுத்துக் கொடுத்தது நானா, சுவர் கட்டியவனா?

வேதத்திலேயே இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பெரிய மனுஷர்கள் வந்ததும் மெல்ல எழுந்து தனிப்பந்திக்குப் போனார். பர்னபா போன்ற தங்கமான மனிதரும் கூடவே இழுபட்டுப் போனார். பேதுரு மனசில் வித்தியாசம் இருந்ததா? இல்லை. கொர்நேலியு வீட்டுக்குள் முதலில் நுழைந்தவரே அவர்தான். மனசு சுத்தம்தான், பயம்தான் காரணம். பவுல் என்ன செய்தார்? தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க மனசு எனக்குத் தெரியும்" என்று சமாதானம் சொன்னாரா? எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே கேட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் மாயம். உள்ளே ஒன்று, பந்தியில் ஒன்று. பேதுருவின் இருதயத்தைப் பவுல் ஆராயவில்லை. எங்கே உட்கார்ந்தான் என்று மட்டும் பார்த்தார்.

எங்கள் ஐயர் எங்கள் வீட்டில் கஞ்சி குடித்தார் என்று மேலே எழுதினேன். அசனப் பண்டிகையில் அவர் எங்கே உட்கார்ந்தார் என்று எழுதவில்லை. எங்கள் பக்கத்து அசனத்தில் அரிசி எல்லா வீட்டிலும் வாங்குவார்கள். விறகு எங்கள் ஆட்கள் பிளப்பார்கள். உலையில் கரண்டி போட எங்கள் பெண்களுக்கு விடமாட்டார்கள். கேட்டால், "அவங்களுக்குப் பெரிய சமையல் பழக்கமில்ல" என்பார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட தியோபிலஸ் அப்பாவு, இந்த இடத்தைத்தான் சரியாகப் பிடித்தார். 'ஒரு உலை' என்றார். ஒரே பானையில் பொங்கி எல்லாரும் பங்கிட்டுத் தின்பதுதான் இராப்போஜனம் என்றார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். 2005-ல் போய்விட்டார். அவரிடம் படித்த ஐயர்மார் பலர் இன்று சேகரங்களில் இருக்கிறார்கள். அவர் பாட்டைப் பாடுகிறார்கள். உலையைத்தான் விட்டுவிட்டார்கள்.

மயிலாடியை நினைத்துப் பாருங்கள். சாம்பவர் ஒருவர், மகாராசன், வடக்கே சிதம்பரம் பக்கம் யாத்திரை போன இடத்தில் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு, ஞானஸ்நானம் வாங்கி, வேதமாணிக்கம் ஆகித் திரும்புகிறார். 1806-ல் ரிங்கல்தௌபே அவருடைய ஊருக்கு வருகிறார். 1809-ல் அங்கே கோவில் எழும்புகிறது. 1816-ல் ரிங்கல்தௌபே கிளம்பும்போது சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். 1818-ல் மீட் வரும்வரை தெற்குத் திருவிதாங்கூர் சபைகளைத் தாங்கியது அந்தக் கை. ரிங்கல்தௌபே ஒன்றும் புனிதப் பசு இல்லை. வரிக்கும் ஊழியத்துக்கும் தப்பிக்க வருகிறார்கள் என்று நம் ஜனங்களைப் பற்றிக் கசந்துகொண்டவர்தான். போகிற நேரத்தில் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். தரங்கம்பாடியில் முடியாது என்று சொன்னது மயிலாடியில் முடிந்தது. சபை உடைந்தா போயிற்று?

ஆகவே உண்மையாய் ஊழியம் செய்ய விரும்பும் ஐயர்மாருக்கு, முக்கியமாக இப்போதுதான் இறையியல் கல்லூரியை விட்டு வெளியே வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் மனசை எங்களுக்குக் காட்ட வேண்டாம், எங்களுக்கு அதைப் பார்க்கக் கண் இல்லை. புதுச் சேகரத்துக்குப் போன முதல் வாரம் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். இரண்டு இருந்தால், அடுத்த சாவுக்கு முன்னால் கமிட்டியில் சொல்லிவிடுங்கள், நான் ஒரு தோட்டத்தில்தான் அடக்க ஆராதனை நடத்துவேன் என்று. கமிட்டி எகிறும். காணிக்கை குறையும். பிஷப் கூப்பிட்டு அனுப்புவார், இடமாற்றம் வரும். எங்கள் அப்பாமார் இருபத்தொன்பது வருடம் 'படி'யில் ஓட்டினார்கள், உங்களுக்கு ஒரு இடமாற்றம் தாங்காதா? அசனத்தில் உலைக்கு யார் கரண்டி போடுகிறார்கள் என்று பாருங்கள். சேகரத்துப் பள்ளிக்கூடத்தில் பியூனும் ஆயாவும் எந்தத் தெரு, தலைமை ஆசிரியர் எந்தத் தெரு என்று எண்ணிப் பாருங்கள். உபதேசியாருக்கு நியமன உத்தரவும் சம்பளமும் ஓய்வூதியமும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். தோற்றால் தோற்றதைக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள். யார் யார் எதிர்த்தார்கள் என்று பெயரோடு.

அன்றைக்குக் கை கழுவும் இடத்தில் ஐயரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவர் கையில் சால்வை இருந்தது, ஐயரம்மா பக்கத்தில் நின்றார்கள். கேட்டதோடு விட்டுவிட்டேன். அப்பா மேற்கில்தான் கிடக்கிறார். அவரைப் புதைத்ததும் இந்த ஐயர்தான். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது, வாளியால் இறைத்துக்கொண்டே இறக்கினோம். ஐயர் அழுதார். அந்தக் கண்ணீரை நான் பார்த்தேன், பொய்யில்லை.

மறுநாள் புது ஐயருக்குப் பொறுப்பு ஒப்படைத்தார்கள். கமிட்டியில் இருக்கும் என் சித்தப்பா மகன் அந்தப் பட்டியலைக் காட்டினான். இராப்போஜனப் பாத்திரம், பதிவேடுகள், ஜெனரேட்டர், மைக் செட், பெஞ்சு எத்தனை என்று வரிசையாக எழுதி இரண்டு ஐயர்மாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாவதாக ஒரு வரி: கல்லறைத் தோட்டம் கிழக்கு, இரும்புக் கேட் சாவி இரண்டு. அதற்குக் கீழே: கல்லறைத் தோட்டம் மேற்கு, பூட்டு இல்லை.